சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்து!

(தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலாளர், மில் தொழிலாளர், உப்பளத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

நம் கூட்டங்களில் கூலி, போனஸ், பஞ்சப்படி, குத்தகை பற்றித்தான் பேசுவது வழக்கம். இன்று கோர்ட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். கோர்ட் விவகாரம் வக்கீல்கள் பாடு, நமக்கு எதற்கு என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். வேலைநிறுத்தம் ஒன்று நடந்தால் அதன் பின்னாலேயே வழக்கும் வருகிறது. மில் கேட்டில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து விழுகிறது. எறிந்தவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலையில் பத்துப் பேருடைய பெயரோடு பிராது தயார்! அந்தப் பத்துப் பேரும் யூனியனில் முன்னால் நிற்பவர்களாகவே இருப்பது என்ன அதிசயமோ! வயல்காட்டில் அறுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டால் நெல்லைத் திருடினார்கள் என்று வழக்கு. உப்பளத்தில் கேட்டால் மேஸ்திரியை அடித்தார்கள் என்று வழக்கு.

அப்படிக் கூண்டில் ஏற்றப்பட்ட தொழிலாளி என்ன கேட்கிறான்? "நான் எறிந்ததைப் பார்த்தவர் யார்? அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். நான் நாலு கேள்வி கேட்கிறேன்" என்கிறான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் இதைக் கேட்பான். இதைக் கேட்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இதற்குத்தான் சட்டத்தில் குறுக்கு விசாரணை உரிமை என்று பெயர். சாட்சியம் எதிரியின் முன்னிலையில் சொல்லப்பட வேண்டும். சொன்னவரை எதிரி தரப்பு கேள்வி கேட்கலாம். (எதிரி என்றால் பகைவன் என்று எண்ண வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கோர்ட் பாஷையில் வைத்த பெயர் அது. பெயர் வைக்கும்போதே எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!)

நம் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் எடுத்த வியாபாரிக்கும் தெரியாது. அவர் தம் கைப்பணத்தை வைத்து ஆடிய ஆட்டம். போனால் அவர் பணம். குறுக்குக் கேள்வி கேட்கப்படாத சாட்சியமும் திறக்காத சிப்பிதான். அதை நம்பி இன்னொருவனுடைய ஐந்து வருஷத்தையும் பத்து வருஷத்தையும் பணயம் வைக்கக் கோர்ட்டுக்கு என்ன உரிமை?

இந்த ஊர்க் கதையிலிருந்தே தொடங்குவோம். வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் கப்பலோட்டியவர் என்று எல்லோரும் அறிவார்கள். அவர் தொழிலால் வக்கீல். ஓட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகக் கிரிமினல் வழக்குகளில் வாதாடியவர். போலீசார் கட்டிவைத்த சாட்சியங்களை அவிழ்த்துக் காட்டியதால் அங்கே போலீசாருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவரே கூண்டில் ஏறும் நாள் வந்தது.

1908 பிப்ரவரி 27ஆம் தேதி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். நிர்வாகம் சில நாட்களில் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வாராந்தர விடுமுறை கிடைத்தது. தொழிலாளி ஜெயித்ததைச் சர்க்காரால் பொறுக்க முடியுமா? மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர்கள் போயின.

வழக்கு எதன்மேல்? பேச்சின்மேல். மேடையில் பேசினார்கள், அது ராஜத்துரோகம் என்று வழக்கு. பேச்சைப் பிடித்துவைக்கும் கருவி அந்தக் கூட்டங்களில் ஏது? கேட்ட போலீசார் எழுதிக்கொண்டதும் நினைவில் வைத்துச் சொன்னதும்தான் ஆதாரம். மேடைப் பேச்சு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். "விடக்கூடாது" என்று ஒருவர் பேசியதை "விடக்கூடாது, அடிக்க வேண்டும்" என்று எழுதினால் ஒரு சொல்தான் கூடுதல். அந்த ஒரு சொல்லுக்கு விலை ஆயுள்! இப்படிப்பட்ட வழக்கில் எழுதியவரை நிறுத்தி, "எங்கே நின்றீர், எவ்வளவு தூரம், எப்போது எழுதினீர், வரிக்கு வரி எழுதினீரா, வீட்டுக்குப் போய் எழுதினீரா?" என்று கேட்காவிட்டால் வேறு எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

வ.உ.சி.யின் வழக்கில் வக்கீல்கள் இருந்தார்கள், கேள்விகள் கேட்கப்பட்டன. சுப்பிரமணிய பாரதியார் எதிரி தரப்புச் சாட்சியாக வந்து சாட்சி சொன்னார். ஆனாலும் நீதிபதி பின்ஹே போலீஸ் சாட்சியத்தையே நம்பினார். 1908 ஜூலை 7ஆம் தேதி தீர்ப்பு: ராஜத்துரோகத்துக்கு 20 வருஷம், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 வருஷம். சிவாவுக்குப் பத்து வருஷம். மேல்முறையீட்டில் ஹைக்கோர்ட் வ.உ.சி.க்கு அதை ஆறு வருஷமாகக் குறைத்தது. ஆக, உரிமை இருந்தால் மட்டும் போதும், நீதி கிடைத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் உண்டு. ஆனால் கூண்டில் கேட்ட கேள்வியும் வந்த பதிலும் காகிதத்தில் நிற்கின்றன. மேல்கோர்ட் படிப்பது அந்தக் காகிதத்தைத்தான். கேட்காத கேள்விக்குக் காகிதத்தில் இடமில்லை.

அதே 1908இன் கடைசியில் வெள்ளைக்காரச் சர்க்கார் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. அரசியல் வழக்குகளை ஜூரி இல்லாமல் மூன்று ஹைக்கோர்ட் நீதிபதிகள் விசாரிக்கலாம். அதற்கு முன்பு மாஜிஸ்திரேட் நடத்தும் விசாரணையில், அவர் அனுமதித்தாலொழிய எதிரி இருக்கக் கூடாது என்றார்கள். அடக்குமுறை வரும்போது முதலில் கை வைப்பது எங்கே என்று கவனியுங்கள். கேள்வி கேட்கிற வாயில்!

அடுத்த வழக்கு 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் சந்திப்பில் தொடங்குகிறது. கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். தனி ஒருவரைச் சுட்டு ஆட்சியை மாற்ற முடியாது என்பது நம் கருத்து. அது வேறு விவாதம். வழக்குக்கு வருவோம். சுட்டவர் உயிரோடு இல்லை. ஆனாலும் 14 பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள். சதி செய்தார்கள் என்று குற்றச்சாட்டு. அந்த 14 பேர் யார் தெரியுமா? முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. மற்றவர்களில் சமையல் வேலை செய்தவர்கள் உண்டு, பயிர் வைத்தவர்கள் உண்டு, பள்ளிக்கூட வாத்தியார் உண்டு, வக்கீல் குமாஸ்தா உண்டு, சட்டி பானை விற்ற முத்துக்குமாரசாமிப் பிள்ளை உண்டு.

சதி என்பது கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. கல்லெறிந்ததையாவது தெருவில் போனவர் பார்த்தேன் என்பார். சாத்திய கதவுக்குள் பேசியதை யார் சொல்வது? அதற்குத்தான் அப்ரூவர்! ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை என்ற இருவர் அப்ரூவர் ஆனார்கள். அப்ரூவர் என்றால் யார்? நானும் கூட இருந்தேன் என்று ஒப்புக்கொண்டு, மற்றவர்களைக் காட்டிக்கொடுத்து, அதற்குக் கூலியாக மன்னிப்புப் பெறுகிறவர். அவர் சொன்ன கதையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மன்னிப்பும் அவிழும். ஆகவே கதையைக் கட்டிக் காப்பாற்றுவதில் போலீசாரை விட அவருக்குத்தான் அக்கறை அதிகம்.

இப்படிப்பட்டவர் சொல்லை மட்டும் வைத்து ஒருவனைச் சிறைக்கு அனுப்பலாமா? வேறு ஆதாரம் அதற்குப் பக்கபலமாக வேண்டும் என்பது நீதிபதிகள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட வழக்கம். சென்னை ஹைக்கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குத் தண்டனை, ஐவர் விடுதலை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். மூன்று நீதிபதிகளில் சங்கரன் நாயர் மற்ற இருவரோடு ஒத்துப்போகவில்லை.

பிறகு முத்துக்குமாரசாமிப் பிள்ளையின் பெயரால் ஒரு சட்டக் கேள்வி ஐந்து நீதிபதிகள் முன்னால் போனது. கேள்வி இதுதான். அப்ரூவர் கோர்ட்டில் சொல்கிறார். அதற்கு முன்பே மாஜிஸ்திரேட்டிடம் அதே கதையைச் சொல்லி வைத்திருக்கிறார். முன்னே சொன்னதைப் பின்னே சொன்னதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

தோழர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாஜிஸ்திரேட்டிடம் அவர் சொன்னபோது எதிரிகள் அங்கே இல்லை. அவர்களுடைய வக்கீலும் இல்லை. ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. போலீஸ் காவலிலிருந்து வந்த மனிதர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். அந்தக் காகிதம் இப்போது எழுந்து நின்று, "ஆமாம், இவர் சொல்வது உண்மைதான், அன்றைக்கும் இதையேதான் சொன்னார்" என்று சாட்சி சொல்கிறது! ஒருவன் ஒரு கதையைப் பத்து இடத்தில் சொன்னால் பத்துச் சாட்சி ஆகிவிடுமா? கிராமத்துப் பஞ்சாயத்தில்கூட இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் ஐவரில் பெரும்பான்மையோர், எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சாட்சியச் சட்டத்தின் 157ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது என்றார்கள். தண்டனை நின்றது. சட்டி பானை விற்றவரின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது. வக்கீல்கள் அதை எடுத்துக்காட்டி வாதாடியபோதெல்லாம் அவர் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு 1957இல் சர்வான் சிங் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அப்ரூவருக்கு இரண்டு தேர்வு வைத்தது. முதலில் ஆள் நம்பத்தக்கவர்தானா என்று பார்க்க வேண்டும்; தேறினால் அவர் சொல்லுக்கு வேறு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில், அப்ரூவர் சொல்லுக்கு வேறு ஆதாரம் இல்லாவிட்டாலும் அதை வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதம் ஆகாது என்று ஒரு பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அந்த வாசகம் மாறியிருக்கிறது. ஆதாரத்தோடு கூடிய சாட்சியத்தின் பேரில் தண்டித்தால் சட்டவிரோதம் ஆகாது என்று இப்போது எழுதியிருக்கிறது. புதுச் சட்டங்களில் நாம் எதிர்க்க வேண்டியவை பல உண்டு. இந்த ஒரு மாற்றத்தை நம் வக்கீல்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கோரிக்கை நம் ஊரில் மட்டும் பிறந்ததும் அல்ல. இங்கிலாந்தில் 1603ஆம் வருஷம் வால்டர் ராலே என்ற கடலோடியை ராஜத்துரோகத்துக்காக விசாரித்தார்கள். கோபம் பிரபு என்பவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம்தான் முக்கிய ஆதாரம். கோபம் அப்போது சிறையில் உயிரோடுதான் இருந்தார். "அவரை என் முகத்துக்கு நேரே நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள்" என்று ராலே மன்றாடினார். மறுத்துவிட்டார்கள். மரண தண்டனை விதித்தார்கள். 15 வருஷம் கழித்துத் தலையை வெட்டினார்கள். அமெரிக்கர்கள் 1791இல் இந்த உரிமையைத் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நம் அரசியல் சட்டத்தில் இந்தச் சொற்கள் அப்படியே இல்லை. ஆனால் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் உண்டு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21ஆம் பிரிவுக்குள் நியாயமான விசாரணையும் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2012இல் டில்லி வழக்கு ஒன்று அங்கே போனது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வக்கீலே இல்லாத எதிரிக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்! தூக்குத் தண்டனையும் விதித்தாகிவிட்டது. அந்தத் தண்டனை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது.

சரி, இந்த உரிமையை நாம் எப்படிப் பயன்படுத்துவது?

போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும் சாட்சிகள் போலீசில் சொன்ன வாக்குமூலங்களின் நகலை எதிரிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். வாங்குங்கள். வாங்கி வக்கீலிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். மில் கேட் தெரியாது. ஷிப்டு மணி எத்தனைக்கு அடிக்கும், விளக்குக் கம்பம் எந்தப் பக்கம், லாரி நின்றால் எது மறையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறோம். இரவு பத்தே முக்காலுக்குத் தெருவிளக்கு வெளிச்சத்தில் நாற்பது அடி தூரத்திலிருந்து பார்த்தேன் என்று காவலாளி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பத்தில் விளக்கு எரிந்து மூன்று மாதமாயிற்று என்பது அங்கே டீ குடிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். வக்கீலிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்காததால் என்ன ஆகும்? அந்தச் சங்கதியை எதிரியே ஒப்புக்கொண்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளக் கூடும்! விளக்கில்லாத கம்பத்தின் வெளிச்சத்தில் ஒரு தொழிலாளி சிறைக்குப் போவான்.

போலீசில் சொன்ன வாக்குமூலத்தை வைத்து எதிரியைத் தண்டிக்க முடியாது. ஆனால் கூண்டில் வந்து மாற்றிச் சொன்னால் "அன்று இப்படிச் சொல்லவில்லையே" என்று காட்ட அது பயன்படும். போலீசில் சொல்லாத புது விஷயத்தைக் கூண்டில் சொல்கிறாரா? அங்கேதான் பிடிக்க வேண்டும்.

இங்கே ஒரு தோழர் முணுமுணுப்பது கேட்கிறது. "இந்தக் குறுக்கு விசாரணையை வைத்துத்தானே பணக்காரன் வக்கீல் நம் ஆட்களை மடக்குகிறான்?" என்கிறார். உண்மை. அதை மறைத்துவிட்டு மேலே போக நாம் தயாரில்லை.

1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். உயிர் தப்பிய விவசாயத் தொழிலாளர்கள் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார்கள். 1970இல் நாகப்பட்டினம் கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலப்பிரபுக்களை 1973இல் ஹைக்கோர்ட் விடுதலை செய்தது. வெந்துபோன மக்களின் சொல்லுக்கு எடை இல்லாமல் போயிற்று! அன்றாடம் யாரிடம் கூலி வாங்குகிறோமோ அவர்மேலேயே சாட்சி சொல்லப் போகிறவனுக்கு எத்தனை பயம்? மறுநாள் வேலை இல்லை. கடன் பத்திரம் வெளியே வரும். குடியிருக்கும் மனைக்கு ஆபத்து. வருஷக்கணக்கில் வாய்தா போட்டு இழுத்தால் சாட்சியைக் கலைப்பது சுலபம். அப்படியானால் நம் சாட்சிகளின் பெயரை மறைத்துவைக்கச் சொல்லலாமா? எதிரியின் கேள்வியிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கேட்கலாமா?

கேட்கக் கூடாது என்பது நம் திடமான கருத்து. முகம் தெரியாத சாட்சி என்ற ஆயுதத்தை நிலப்பிரபுவுக்கு எதிராக ஒரு தடவை பயன்படுத்தினால், நமக்கு எதிராக நூறு தடவை அதைப் பயன்படுத்துவார்கள். பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயரில் வந்த தடா, பொடா சட்டங்களில் சாட்சியின் பெயரையும் விலாசத்தையும் மறைக்க இடமிருந்தது. அவை போய்விட்டன. ஊபா சட்டத்தில் அது இன்னும் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் தமிழ்நாட்டின் 1982ஆம் வருஷத்துச் சட்டத்திலோ சாட்சி என்ற பேச்சே கிடையாது. உத்தரவு போட்டால் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். யாரை நிறுத்திக் கேள்வி கேட்பது? புது நடைமுறைச் சட்டத்தில், தலைமறைவாகிவிட்டதாக அறிவிக்கப்பட்டவர் இல்லாமலே விசாரணை நடத்தித் தீர்ப்புச் சொல்லவும் வழி செய்திருக்கிறார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் போலீசுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன தொழிலாளியை நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படியுங்கள்.

நம் மாவட்டத்திலேயே சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19ஆம் தேதி போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து மாண்டார்கள். அந்த நிலையத்திலேயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ஒருவர், ஒரு பெண், இரவு முழுவதும் நடந்ததைத் துணிந்து மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பிறகு மதுரைக் கோர்ட்டில் கூண்டிலும் ஏறினார். கூண்டில் நிறுத்தப்பட்ட போலீசாருக்கு அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டா? உண்டு! நம் நெஞ்சு கொதிக்கிறது. ஆனாலும் உண்டு. அந்த உரிமையை லாக்கப்பில் யாருக்கும் கொடுக்காதவர்களுக்கும் அது உண்டு. கேள்விகளுக்கு ஈடுகொடுத்து நின்ற சாட்சியத்தை அசைக்க எந்தக் கோர்ட்டாலும் சுலபத்தில் முடியாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது வேறு. சாட்சிக்குப் பாதுகாப்புக் கேட்க வேண்டும். 2018இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை நாடு முழுவதும் சட்டமாக மதிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மிரட்டல் இருந்தால் சாட்சி மனுக் கொடுக்கலாம். வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்குப் போய்வரத் துணை, தேவையானால் வேறு இடத்தில் தங்க ஏற்பாடு எல்லாம் உண்டு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சாட்சிக்குப் பயணச் செலவும் பாதுகாப்பும் தர வேண்டியது சர்க்காரின் கடமை. ஒரு நாள் கூலியை விட்டுக் கோர்ட்டுக்குப் போய் "இன்று வாய்தா, போய்வா" என்று கேட்டுத் திரும்புகிற விவசாயத் தொழிலாளிக்கு இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமியை எதிரியின் முகத்தைப் பார்க்க வைக்க வேண்டியதில்லை; திரைக்குப் பின்னால் இருந்து சொல்லலாம், வக்கீலின் கேள்வியை நீதிபதியே கேட்பார். 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் அப்படி வைத்திருக்கிறது. அது நியாயமான ஏற்பாடு. குழந்தைக்கு முகம் மறைந்தாலும் எதிரிக்குக் கேள்வி மறையவில்லை.

இனி வக்கீல் பீஸ். கையில் காசில்லாதவனுக்குக் குறுக்கு விசாரணை உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே என்பீர்கள். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளி, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு வருமானம் குறைவு என்ற கணக்கிலும் கிடைக்கும். மாவட்டக் கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். கிடைக்கிற வக்கீல் நல்லவரா, வாய்தாவுக்கு வருகிறாரா என்பதைப் பார்ப்பது சங்கத்தின் வேலை. வராவிட்டால் மாற்றித் தரச் சொல்லி மறு மனுக் கொடுக்கலாம்.

குற்றப்பத்திரிகை நகல் வந்த தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அன்று அந்த இடத்தில் நின்றவர்களையும் கூட்டி வாருங்கள். ஒவ்வொரு வாக்குமூலமாக உரக்கப் படிப்போம். எங்கே பொய் இருக்கிறது என்று இடம் தெரிந்தவர்கள் சொல்லச் சொல்ல, வக்கீலுக்குக் கேள்விகளை நாமே எழுதிக் கொடுப்போம்.